நாளைக்கு எந்த மலை?

என் பிரியத்துக்குரிய பாக்கியம் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இந்தச் சேதியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொழும்பில் நான் வேலை செய்யும் கம்பெனி விற்கும் தேயிலைத் தோட்ட வேலைச் செயலியை உனக்குத் தெரியும். யார் எந்த மலையில் கொழுந்து பறிக்க வேண்டும் என்று மெனேஜர் முதல் நாள் மாலையே அதில் பதிந்துவிடுவார். கொழுந்து பறிக்கும் உங்களுக்குத் தெரிவதோ மறுநாள் காலை, ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தில்தான். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் ஏறிப் போவாய். நம் லயத்து வீடுகளுக்குக் கீழே உள்ள மலை என்பார்கள். வந்த வழியே இறங்குவாய்.

"ஏன்டி, நாளைக்கு எந்த மலைன்னு இன்னைக்கே எங்க போனுக்குச் சொன்னா ஒன் கம்பெனிக்கு என்னா கொறஞ்சிரும்?" என்று ஒருநாள் கேட்டாய். அந்தச் செயலியின் திரைகளை வடிவமைத்தவளே நான்தானே?

அடுத்த வாரமே முதலாளியிடம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "நங்கி, இத வாங்குறது மெனேஜர்மார். அவங்க கேக்குறத மொதல்ல செய்வோம்" என்று, தங்கச்சியிடம் சொல்வதுபோல், சிங்களத்தில் சொன்னார். அவர்கள் கேட்டது கலர் கலரான வரைபடங்கள். மாதக்கணக்காக அவற்றையே வரைந்துகொண்டிருந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய்.

பிறகு கொடகவெலப் பக்கத்து மெனேஜர் ஒருவர், காலையில் ஆள் பிரிப்பதிலேயே நேரம் போகிறது, வழி செய்யாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்க்கிறேன் என்றார். கம்பெனிக் கூட்டத்தில் நான் எழுந்து, நீ கேட்டதையே அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தும் யோசனையாகச் சொன்னேன். உன் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளி உடனே சம்மதித்தார். மனசு கொஞ்சம் உறுத்தியது. நீ இருந்தால் சிரித்திருப்பாயோ?

போன மாதம் அந்த வசதி நம் தோட்டத்துக்கும் வந்துவிட்டது. நான் லீவில் வந்தபோது பக்கத்து வீட்டு ராசாத்தி மதினி போனை நீட்டினார். செய்தி தமிழில் வந்திருந்தது.

"பாரு தங்கச்சி, நாளைக்கு எட்டாம் நம்பர் மலையாம். இனி மேல ஏறி எறங்க வேணாம், நேராப் போயிருவோம்."

அது யார் செய்த வேலை என்று மதினிக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. அந்தச் செய்திக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. யார் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் மெனேஜருக்குத்தான் வசதி. இந்த முறையும் முதலாளியிடம் அப்படியே பேச்சை ஆரம்பிப்பேன். உடம்புக்கு முடியாதவள் படுத்த இடத்திலிருந்தே 'இன்னைக்கு வரல' என்று சொல்லும்படி செய்துவிடுவேன். சத்தியம், அக்கா.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மலர்