கிணற்று நீச்சல்காரன் கடலில் இறங்கிய நாள்

என் ஆசைத் தம்பி சேகருக்கு,

எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று எழுதத்தான் முதலில் கை போகிறது. போய்ச் சேர்ந்தவனிடம் இதையெல்லாம் கேட்கலாமா? கேட்டுவிட்டேன், போ.

எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம் ஒன்று உண்டு. திருக்கழுக்குன்றத்தில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நீ, மாமல்லபுரத்தில் புதிதாகத் திறந்த கடற்கரை ஓட்டலுக்கு, கடலில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றும் வேலை கேட்டுப் போய், "பத்து வருசமா கடல்லதான் சார் நீச்சல்" என்று எந்தத் தைரியத்தில் சொன்னாய்? நம் கழனிக் கிணற்றைத் தவிர நீ எந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கிறாய்? மாசி மகத்துக்குப் போனால்கூட முழங்கால் நனைந்ததும் கரைக்கு ஓடிவருகிற ஆளாயிற்றே!

மேனேஜர் நீச்சல் குளத்தில் குதித்துக் காட்டச் சொன்னாராம். நீயோ கிணற்று மேட்டிலிருந்து குதிப்பதுபோல் காலை மடக்கிக்கொண்டு தொபுக்கடீர் என்று விழுந்தாய். குளத்தின் ஆழமே கழுத்தளவுதான். முழங்கால் தரையில் மோதித் தோல் பெயர்ந்தது, சுற்றி நின்றவர்கள் தொப்பலாக நனைந்தார்கள். "இன்னாய்யா இது?" என்றாராம் அவர். "ஆபத்துக்கு இப்டிதான் சார் குதிக்கணும்" என்றாயாமே! அதையும் நம்பி விசிலும் சிவப்புத் தொப்பியும் கொடுத்தாரே, அந்த மனுஷனைச் சொல்லணும்.

அப்புறம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. ஓட்டலில் தங்கியிருந்த ஒருவரை அலை இழுத்துக்கொண்டு போனது. எல்லாரும் கரையில் நின்று கத்தினார்கள், நீ ஓடினாய். எப்படியோ போய் அவர் தலைமுடியைப் பிடித்துவிட்டாய். திரும்பி வரத்தான் தெரியவில்லை. இரண்டு பேரும் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தபோது ஒரு மீன்பிடிப் படகு வந்து தூக்கிப் போட்டது. "யோவ், நீ கெணத்துல நீந்துற ஆளா?" என்று படகுக்காரர் காதோடு கேட்டாராம். ஆனால் ஓட்டல்காரர்களிடம் அந்த நல்ல மனுஷன் மூச்சு விடவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த உனக்குச் சோறு இறங்கவில்லை. "பயமா இல்லியாடா?" என்று கேட்டேன்.

"பயந்துகினேதான் போனேன்க்கா. ஆனா அத்தினி பேரும் என்னியே பாத்துகினு இருந்தாங்க. நான் இன்னா பண்றது?"

அதைத்தான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால், நீயும் கரையில் நின்று கத்தியிருப்பாயா? இல்லை, அப்போதும் ஓடியிருப்பாயா? உனக்காவது தெரியுமாடா? மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மஞ்சள் காமாலை உன்னை இவ்வளவு அவசரமாகக் கொண்டுபோகும் என்று யார் கண்டது?

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், உன் மகள் கவிதாவுக்குப் படூர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு மாத கோர்ஸ் படித்தவள், பெரிய ப்ராஜெக்ட் எல்லாம் தனியாளாய்ச் செய்ததாக இன்டர்வியூவில் அளந்துவிட்டு வந்திருக்கிறாள். நாளைக்குச் சேர வேண்டும். காலையிலிருந்து ஒரே அழுகை.

"நான் போமாட்டேன் அத்த. மாட்டிகினா மானம் போயிடும். அப்பா மாதிரி எனுக்கு இன்னா தெரியும்? அவரு கடலையே கரைச்சுக் குடிச்சவரு."

இவ்வளவு வருஷமாக அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பன் இல்லாத பெண்ணுக்கு அப்பனைப் பெரிய ஆளாகக் காட்டவேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன? அது அவளையே இப்படிக் குன்றிப்போக வைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பொய் சொன்னது சரியா என்று அவள் கேட்டால் நான் எதைச் சொல்ல? உன் விஷயத்திலேயே எனக்கு இன்னும் பிடிபடவில்லையே! ஆனால் உன் மேல் சத்தியமாக ஒன்று செய்யப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதை எழுதி முடித்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிடுவேன்: "உங்கப்பனுக்குக் கடல்ல நீந்தத் தெரியாதுடி. தெரியாமதான் எறங்கினான்."

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா