லிஃப்ட் கதவுக்கு ஒரு கையொப்பம்

தோஹா,
3.11.2024

அன்பு ஐடா,

நலம் என்று எழுதத்தான் ஆசை. என் போன், மெயில் எல்லாவற்றையும் மேனேஜர் பார்க்கிறார். அதனால் அடிக்கடி ஊருக்கு வந்துபோகும் பங்காருப்பேட்டை உதய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். என் பாஸ்போர்ட் மேனேஜர் அலமாரியில் இருக்கிறது. என் அறை ஜன்னல் திறக்காது.

உனக்கே தெரியும், நம் கம்பெனி லிஃப்டில் கதவுக்கு ஒரு மென்பொருள், மோட்டாருக்கு ஒன்று. "மூடிவிட்டேன்" என்று கதவு சொன்னால் மோட்டார் சும்மா நம்பிவிடாது. கதவின் மென்பொருளில் என் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருந்தால்தான் நம்பும். அதன் புதிய பதிப்பு சில சமயம் கதவு பாதி திறந்திருக்கும்போதே மூடிவிட்டதாகச் சொல்கிறது. அதில் கையொப்பம் போட்டால்தான் ஊருக்கு டிக்கெட் என்கிறார் இந்த ஆள்.

கையொப்பங்களை ரத்து செய்யும் பெங்களூர் ஆபீஸ் டிஜிட்டல் சாவி உன்னிடம் இருக்கிறது. என் கையொப்பம் இனிச் செல்லாது என்று அறிவித்துவிடு. அப்புறம் என்னைப் பிடித்துவைத்து இவர்களுக்கு என்ன லாபம்?

அப்பாவை இருமல் மருந்து குடிக்கச் சொல்.

உன்,
இன்பராஜ்


சாம்பியன் ரீப்ஸ்,
10.11.2024

அன்புள்ள உங்களுக்கு,

ஆபீஸ் விட்டு வரும் ரயிலில் கடிதத்தைப் படித்தேன். எதிரில் தெரிந்தவர்கள் இருந்ததால் அழுகையை அடக்கிக்கொண்டேன்.

சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். ரத்து செய்தால் நம்பக்கூடாதவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் ஏறும். அப்புறம் யார் வேலை கொடுப்பார்கள்? கோபத்தில் அந்த ஆள் உங்களை விடவே மாட்டார். மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். பொறுமை உங்களுக்கு வராது, தெரியும்.

ஏனோக் மாமா தினமும், "இன்னாம்மா, எம்புள்ள எப்போ வரானாம்?" என்கிறார். கிறிஸ்துமஸுக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். கேக்குக்குத் திராட்சையும் ஊறப்போட்டாகிவிட்டது. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள்,
ஐடா


தோஹா,
30.11.2024

அன்பு ஐடா,

முன்பு எழுதியதை மறந்துவிடு. எதையும் ரத்து செய்யாதே. வரும் வெள்ளிக்கிழமை கையொப்பம் போடப்போகிறேன். சனிக்கிழமைக்கு டிக்கெட். மேனேஜர் காட்டினார், என் பெயர்தான் இருந்தது.

அந்தக் கதவு எப்போதாவதுதான் தப்பு செய்கிறது. ஊருக்கு வந்து திருத்திக்கொள்ளலாம். என்னால் முடியவில்லை ஐடா. இந்தச் சுவர்களைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிறது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. சோதனைக்காக, கையொப்பச் சரிபார்ப்பை நிறுத்திவைத்து, அந்தப் பதிப்பை எங்கள் கட்டட லிஃப்டிலேயே போட்டிருக்கிறார்கள். நான் படியில்தான் ஏறி இறங்குகிறேன், அதுவும் நல்லதுதான். தொப்பை காணாமல் போய்விட்டது. வந்ததும் கிண்டல் பண்ணாதே.

உன்,
இன்பராஜ்


சாம்பியன் ரீப்ஸ்,
7.12.2024

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று நீங்கள் போட்ட கையொப்பம் பெங்களூர் ஆபீஸுக்கு வந்தது. உங்களுடையதேதான். ஆனால் அது செல்லாது என்று வியாழக்கிழமையே அறிவித்துவிட்டேன். எந்த லிஃப்டும் இனி அதை ஏற்காது.

உங்கள் கடிதம் வந்ததும் சந்தோஷமாக மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். படியில் ஏறி இறங்குவதாக எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கதவைப் பற்றி அவரிடம் சொன்னேன். தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவர், என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். "எவனோ ஏர்றான், எறங்கறான், நமக்கு இன்னாம்மா? எம்புள்ள வரட்டும்" என்றார். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் நீங்கள் ஏறப் பயப்படுகிற லிஃப்டில் யார் வீட்டுப் பிள்ளையாவது ஏறுமே. அதை நினைத்துத்தான் ரத்து செய்தேன்.

நான் ரத்து செய்தது பற்றிய விசாரணை முடியும்வரை ஆபீஸுக்கு வரவேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்காகத் தூதரகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரமாட்டீர்கள். இத்தனை நாளும் அந்த மேனேஜரைத் திட்டினேன். இந்த முறை உங்களை வரவிடாமல் செய்தது நான்தான்.

இதை உதய் கொண்டுவருகிறார். மறுபடி அவர் ஊருக்கு வரும்போது பதில் கொடுத்தனுப்புவீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஐடா