கம்ப்யூட்டரில் ஓடிய எஞ்சின்

மேற்கு மாம்பலம்
சனிக்கிழமை

அன்பு மகன் ஹரிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுத வழியில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் தங்கை மதுமதி இதைப் படம் எடுத்து அனுப்புவாள்.

அப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. உன்னிடம் காயம் என்று மட்டும் சொல்லி வைத்தோம். பிஸ்டனே இல்லாத எஞ்சின், பாதி டீசல் போதும் என்று நீ வரைந்து அனுப்பியபோதே ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றேன், யார் கேட்டீர்கள்? நம் ஜவுளிக்கடையின் பழைய ஜெனரேட்டர் தெருவே அதிரக் கத்தும், ஆனால் யார் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, உமர் ஃபாரூக் தன் அசோக் நகர் பட்டறையில் உன் படத்தைப் பார்த்துச் செய்ததை நேற்று மாட்டினார்கள். அவர், "ஒரு நாள் சும்மா ஓட்டிப் பாத்துக்கலாம் சார், சுத்தி மணல் மூட்ட அடுக்கிக்கினு" என்றார். பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும் என்று அப்பா பறந்தார். நீயும் போனில், "கம்ப்யூட்டர்ல ஆயிரம் தடவை ஓட்டியாச்சு, ஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்றாய். கம்ப்யூட்டருக்கு விரல் இருக்கிறதாடா?

எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, அப்பாதான் பட்டனை அமுக்கினார். எஞ்சின் மூடி வெடித்துப் பறந்து அப்பா கையில் அடித்தது. சூடத் தட்டெல்லாம் ரத்தம். அப்பா அலறிய அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. உன் துரைராஜ் மாமா இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு, "இவன் வேலதாம்ல இது" என்று உமர் ஃபாரூக்கை அடித்தான். அவர் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தவரை மிதித்தான். நான் கம்பியைப் பிடுங்கி, கூடப்பிறந்த தம்பி என்றும் பார்க்காமல் அவன் முதுகில் இரண்டு போட்டேன். அப்புறம்தான் ஓய்ந்தான்.

சாயங்காலம் நீ என்னிடம், "மூடிய நான்தான்மா மெலிசா வரைஞ்சுட்டேன், மாமாகிட்ட சொல்லாத" என்று அழுதாய். மாமாவிடமோ செய்தவர் மேல்தான் தப்பு என்று சொல்லியிருக்கிறாய். அதை நம்பி அவன் நாளைக் காலை உமர் ஃபாரூக் மேல் போலீசில் புகார் கொடுக்கப் போகிறான். எலும்பு முறிந்த மனிதர் உனக்காக ஜெயிலுக்கும் போக வேண்டுமா? எனக்கு வயிறு எரிகிறது. மயக்கம் தெளிந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "ஹரி கணக்கு தப்பாது" என்பதுதான்.

இன்றைக்கே மாமாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல். இல்லாவிட்டால் அவனுக்கு முன்னால் நான் ஸ்டேஷனில் போய் நிற்பேன், பெற்ற மகன் பெயரை நானே சொல்வேன். அப்பா உடைந்துபோவார் என்று சாக்குச் சொல்லாதே. விரல் போனதைத் தாங்கியவர் இதையும் தாங்குவார். முருகன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். பேசுவதற்கு முன்னால் ஒரு வாய் சாப்பிடு, வெறும் வயிற்றில் உனக்குக் குரல் நடுங்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துலட்சுமி