சுண்ணாம்புக் கோடு போட்ட நாரை மரங்கள்

18-1-84, புதன்

காலையில் பனி. மலை தெரியவில்லை. பத்தாம் வகுப்பு விடைத்தாள் பாதி திருத்தியாயிற்று. சீயக்காய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மாலை ஏரிக்குப் போனேன். நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும் கருவேல மரங்களில் பாதிக்குச் சுண்ணாம்புக் கோடு. வெட்டப்போகிற மரத்துக்குத்தான் கோடு போடுவார்கள். மரங்களை ஏலம் எடுத்தவர் அக்கா வீட்டுக்காரர், என் பாவா. நாரை நிற்கும் மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை தொடுவதில்லை என்று ஊர் நடுவில் ஒப்புக்கொண்ட மனுஷன்.

19-1, வியாழன்

அக்கா வீடு. பாவா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நார நிக்கிற மரத்துல கோடு இல்லம்மா. ஆளுங்க மத்தியானம் போய்ப் பாத்துட்டுதான் போட்டாங்க. அதெல்லாம் ஆயி உட்டுட்டுப் போன கூடு.”

மத்தியானம் போனார்களாம். குஞ்சு சின்னதாக இருக்கும்வரை தாயோ தகப்பனோ ஒன்று கூட்டிலேயே நிற்கும். வெயிலுக்கு இறக்கையை விரித்து நிழல் தரும், அலகில் தண்ணீர் கொண்டுவந்து மேலே ஊற்றும். குஞ்சு வளர்ந்து பசி பெருத்துவிட்டால் இரண்டுமே நத்தை தேடி வயலுக்குப் போய்விடும். இவர்கள் காலி என்று நினைத்தது எல்லாம் பறக்கப்போகிற குஞ்சுகள் உள்ள கூடு. அத்தனையும் சொன்னேன்.

“ஆங், ஆங்” என்றார். அக்காவிடம், “மோர் ஊத்து.”

வாசல் வரை வந்து அக்கா: “சாப்புடுற நேரத்துல இன்னாடி பேச்சு.” அவள் கவலை அவளுக்கு.

20-1, வெள்ளி

இன்று மரம் வெட்டுகிறார்கள் என்று கேள்வி. பள்ளியில் ஆய்வு. லீவு தரவில்லை. மணி அடித்ததும் ஓடினேன். வெட்டி முடித்துவிட்டார்கள். கோடு போட்ட அத்தனையும். சேற்றில் குஞ்சுகள். பல செத்துவிட்டன.

கோடரியோடு நின்றவரைக் கேட்டேன். “குஞ்சு கீதுன்னு நான் சொன்னங்க. ஆயி இல்லாதது எப்டியும் சாவும், வெட்டுன்னாரு மேஸ்திரி.”

படுபாவிகள். யாரையாவது அறைய வேண்டும்போல் இருக்கிறது.

21-1, சனி

உயிரோடு கிடந்தவற்றைக் கூடையில் வைத்தேன். நத்தை உடைத்துக் கொடுத்தேன், வாய் திறக்கவில்லை. காக்கை விரட்டியே பகல் போயிற்று.

மாலை நாரைகள் வயலிலிருந்து வந்தன. கூடு இருந்த உயரத்திலேயே, வெறும் காற்றில் சுற்றின. கீழே குஞ்சுகள் கத்தின. ஒன்றும் இறங்கவில்லை. கூட்டில் இருந்தால்தான் ஊட்டும். தரையில் கிடப்பது அதற்குப் பிள்ளையே இல்லை.

பாவா மோட்டார் சைக்கிளில் வந்தார். அண்ணாந்து பார்த்தார். “அதான் வந்துடுச்சே. இனிமே அதுங்க பாத்துக்கும்.” வண்டியைத் திருப்பினார். சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

“நில்லுங்க பாவா. பாத்துட்டுப் போங்க.”

நின்றார். இருட்டும்வரை. நாரைகள் ஒவ்வொன்றாக மீதி மரங்களுக்குப் போய் உட்கார்ந்தன.

“மீதி மரத்த மாசி முடியற வரைக்கும் தொடல. சாவியக் குடு.”

கொடுத்தேன். குஞ்சுகள் கூடையில் கத்திக்கொண்டே இருந்தன.