படிகாரம் தேய்த்த நாக்கு

14.6.1957, வெள்ளி. ஹட்டன்.

மகள் நாக்கிலிருந்த வெடிப்புகளைப் புற்றுநோயென்று பயந்து, என் கடையிலிருந்த படிகாரத்தை நான்தான் தினமும் தேய்த்துவிட்டேன். எரிச்சலில் அவள் சாப்பாட்டையே விட்டுவிட்டாள்.

இன்று டிக்கோயா டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவளைப் பார்த்துவிட்டு, "முதலாளி, நீங்க நாக்க நீட்டுங்க" என்று கண்ணாடியைக் கையில் கொடுத்தார். எனக்கும் அதே வெடிப்புகள்.

"பரம்பரையா வர்றதுங்க, ஆபத்தில்ல. இடுக்குல சோறு தங்குனா எரியும். சாப்பிட்டதும் கொப்பளிக்கணும், நாக்க மெதுவாத் தேய்க்கணும். படிகாரத்த சவரக்கடைக்குக் குடுத்துருங்க."

பஸ்ஸில் மகள், "எனக்கு மட்டும் தேச்சீங்களேப்பா" என்றாள்.

இப்போது தயிர்சோறு கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறாள். இந்த நாக்கை வைத்துத்தான் இத்தனை வருஷம் வியாபாரம் பேசினேன். ஒருநாளும் நீட்டிப் பார்த்ததில்லை.