போர்வைப் பாட்டு

மஃபெட்டெங், லெசோத்தோ
4 மே 1984

தம்பி தெபெலோவுக்கு,

பக்கத்து வீட்டு மாபுலானே அக்கா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

நேற்று பஸ் நிலையத்தில் உன் இசைத்தட்டைக் கேட்டேன். மெட்டு என்னுடையது. முதல் வரியும் என்னுடையது: “போர்வை வந்தது வீட்டுக்கு.” அதற்கடுத்து நான், “போர்த்தியவர் வரவில்லை” என்று பாடுவேன். நீ பாடியிருப்பது, “போர்த்திக்கொள்ள வேறொருத்தன் வந்தான்.” நடுவில் ஒரு இளிப்பு வேறு.

டிரைவர் ஒருவன் கேட்டான்: “என்னக்கா, போர்வைல இன்னும் எடம் இருக்கா?” கூட்டமே சிரித்தது. கூட வந்திருந்த மாமனார் சிரிக்கவில்லை. “நெசமாம்மா? அப்படின்னா எம் மவன் நெலத்த விட்டுட்டுப் போயிரு” என்றார்.

நீங்கள் இருவரும் வேலை பார்த்த சுரங்கம் இடிந்து என் புருஷன் செகாக்கே உள்ளேயே புதைந்தபோது, அவர் தோளில் போர்த்தித் திரிந்த போர்வையை மடித்து என் கையில் கொடுத்தவன் நீதானேடா?

மாபுலானே

ஜோகன்னஸ்பர்க்
19 மே 1984

அன்புள்ள அக்கா,

கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். இசைத்தட்டு வெளியிடுகிற முதலாளி, “ஒப்பாரிய எவன்யா வாங்குவான்?” என்றார். ஒரே ஒரு வரிதான் மாற்றினேன். உங்கள் பெயரையா சொன்னேன்?

மெட்டு உங்களுடையது என்கிறீர்களே, அது என் அம்மா களையெடுக்கும்போது பாடியதல்லவா? உங்கள் மகன் புலானேவுக்கு என் முத்தம்.

உங்கள் தம்பி
தெபெலோ

மஃபெட்டெங்
2 ஜூன் 1984

தெபெலோவுக்கு,

ஆமாம், உன் அம்மாவிடம் எடுத்ததுதான். அவர் முன்னால் உட்கார்ந்து பாடிக் காட்டினேன். “இந்த எடத்துல கொஞ்சம் இழுத்துப் பாடுடி” என்று திருத்திக் கொடுத்தார். அவருக்கு அது அவருடைய அத்தை பாடியது. மெட்டை மட்டும் நீ எடுத்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். நீ எடுத்தது என் மானத்தை.

பேர் சொல்லவில்லையாம்! இந்த ஊரில் வெறும் போர்வை வந்த வீடு எத்தனை?

நானும் உன் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்த அக்கார்டியன் துள்ளல் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் என் வரியைப் போட்டுச் சனிக்கிழமை பீர்க்கடையில் பாடினேன்: “தெபெலோ, கொண்டுவந்தவன் நீ, போர்வைக்குள் யார் இருந்தார், சொல்.” அடுத்த வரியில் செகாக்கேயின் பேரையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மாமனார் எழுந்து வெளியே போனார். மறுநாள் ஏர் மாடுகளை என் நிலத்துக்கு ஓட்டி வந்தார். உழுதுவிட்டுப் போனார்.

மாபுலானே

ஜோகன்னஸ்பர்க்
11 ஆகஸ்ட் 1984

அக்கா,

போதும். சுரங்க விடுதியில் நான் அக்கார்டியனைத் தூக்கினாலே, “யார்றா இருந்தா, சொல்லுடா” என்று முந்நூறு பேர் பாடுகிறார்கள். வாசிக்க விடுவதில்லை. அந்த வரியை நான் பாடியிருக்கக் கூடாது. புதுத் தட்டில் மாற்றிவிடுகிறேன். உங்கள் பாட்டை நிறுத்துங்கள். என் பெயரையாவது எடுத்துவிடுங்கள்.

தெபெலோ

மஃபெட்டெங்
30 ஆகஸ்ட் 1984

தெபெலோ,

நான் நிறுத்தி ஒரு மாதமாகிறது. இப்போது பாடுவது நானில்லை. குத்திங் பக்கத்துப் பெண்கள் செகாக்கேயின் பேரை எடுத்துவிட்டுத் தங்கள் புருஷன்மார் பேரைச் சேர்த்திருக்கிறார்கள். பதினோரு பேர். உன் பேரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அவர்களில் ஒருத்தியையும் எனக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்லி நீயே அவர்களுக்கு எழுது.

செகாக்கேயின் மனைவி