கைகழுவக் கற்பித்த மருத்துவியை விடுவிக்க

மங்கலம் பெருகுக. வெண்குன்றமும் அதன் அடிவாரத்து ஆற்றுநாடும் ஒரு குடைக்கீழ்ப் புரக்கும் கோமகள் திருமாமணி, ஆலங்கரைக் கோட்டைத் தலைவரும் எம் தம்பியுமான விடங்கருக்கு எழுதுவிப்பது. உம் மதிலும் துறையும் வயலும் செழிக்க. உம் இல்லத்தார் நோயின்றி வாழ்க. இவ்வாழ்த்து எப்போதும் எழுதுவதே. இன்று 'நோயின்றி' என்ற சொல் வந்தபோது எழுத்தாணியை நிறுத்தச் சொல்லி, எழுந்து சிறிது உலவிவிட்டே மேலே எழுதச் சொன்னோம்.

ஆற்றின் மேற்பகுதியில் வாந்திபேதி பரவி, மீன்துறைச் சிற்றூர்களில் தாயும் மக்களும் ஒருங்கே மாண்ட செய்தி வந்ததும், மருத்துவி கொற்றிநங்கையை உம் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினோம். கைகழுவி உண்க என்று பறையறைந்து சொல்லியும் பெரியோர் செவிகொள்ளாமையால், சிறார்க்குக் கைப்பழக்கமாகக் கற்பிக்கப் பணித்தது யாமே. அவர் பாட்டுக்கட்டி மனப்பாடம் செய்விக்கவில்லை. ஒரு சிறுமியின் உள்ளங்கையில் அரைத்த மஞ்சளைப் பூசி, எல்லோரோடும் விளையாட விட்டார். உணவு வேளைக்குள் அம்மஞ்சள் கதவிலும் குடத்திலும் பிள்ளைகள் உதட்டிலும், ஆசிரியர் தாடியிலும்கூட ஏறியிருந்ததாம். பிள்ளைகள் சிரித்தனர். நோயும் இவ்வாறே செல்லும், ஆயின் அதற்கு நிறம் இராது என்று அவர் கூறவும் சிரிப்பு நின்றது. அன்றுமுதல் அவர்கள் தாமே சாம்பலிட்டுக் கை தேய்த்தனர், நகம் நறுக்கினர், தண்ணீரைக் காய்ச்சி, மூடிவைத்து, அகப்பையால் மொண்டு குடித்தனர்.

பின்னர் நிகழ்ந்ததை நீவிர் எமக்கு எழுதவில்லை. உம் ஊர்ப் படகுத்துறைக் காவலர் வந்து சொன்னார். அறுவடை விருந்தன்று குதிரைக் கொட்டிலிலிருந்து நேரே வந்து பொதுக்குடத்தில் கையை விடப் போனீர். அப்பள்ளியில் பயிலும் உம் மகள் பூங்கணி ஓடிவந்து உம் மணிக்கட்டைப் பற்றி, "அப்பா, கை கழுவிட்டு வாங்க. இது எல்லாரும் குடிக்கிற தண்ணி" என்றாள். படைத்தலைவர்கள் சிரித்துவிட்டனர். "பெத்தவனுக்கே பாடமா? சொல்லிக்கொடுத்தவளை இழுத்துட்டு வாங்கடா!" என்று முழங்கினீராம். அன்றே மருத்துவி சிறைப்பட்டார், பள்ளி பூட்டப்பட்டது, பூங்கணி மாடத்தறையில் அடைபட்டாள்.

அக்காவலர் நேற்று மீண்டும் வந்தார். விருந்துண்ட படைவீடு வாந்தியில் கிடக்கிறதென்றும், அன்று சிரித்தவருள் ஒருவர் இறந்தாரென்றும் கூறினார். பள்ளிப் பிள்ளைகள் வாழும் தெருக்களில் மட்டும் பிணி இன்னும் நுழையவில்லையாம். அங்கே சிறுவரும் சிறுமியரும் வாசலை மறித்து, கைகழுவாத தந்தையரை உள்ளே விடுவதில்லையாம். உம்மேல் சினம் பொங்குகிறது. மறுகணமே, நீவிர் அன்று எந்தக் குடத்துத் தண்ணீர் குடித்தீரோ என்று அஞ்சுகிறோம். படகுத்துறைக்கு ஆள்மேல் ஆள் அனுப்பிச் செய்தி கேட்டவண்ணம் இருக்கிறோம்.

ஆதலின் ஆணை. ஓலை கண்ட கணமே சிறையைத் திறக்க. படைவீட்டுக் கிணறும் அடுக்களையும் மருத்துவி சொற்படி நடக்க. பள்ளி திறந்து, முதற்பாடத்துக்குப் படைத்தலைவர்கள் பிள்ளைகளோடு தரையில் அமர்க. நோயுற்றார் அருகே பிள்ளைகளை விடற்க. உம் பெருமை குறைந்ததென்று தோன்றினால், அப்பாடம் அரசியின் ஆணை என்று அவையறியக் கூறுக. பழி எம்மைச் சேர்க. பூங்கணியை மாடத்திலிருந்து நீவிரே இறக்கிக் கொணர்க. அவளிடம் பேச நா எழாவிடில் பேச வேண்டா. கழுவிய கைகளை நீட்டுக, அவள் அறிவாள்.

வெண்குன்ற அரண்மனையில் எம் முன்னர் எழுதப்பெற்று, மலையும் பிறையும் பொறித்த இலச்சினை இடப்பெற்றது. இதைக் கொணரும் தூதர் உம் விருந்தையும் ஏற்கார், மறுமொழியும் கேளார். மருத்துவி வெளியே நடந்து வரக் கண்டபின்னரே குதிரையை விட்டு இறங்குவார்.